பார்சல் ஏன் ஊர் மாறிப் போகிறது? வீட்டிலிருந்து விற்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

திருப்பூர் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 641601. பட்டுக்கோட்டையின் பின்கோடு 614601. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே ஆறு எண்கள்தான். இரண்டாவதும் மூன்றாவதும் மட்டும் இடம் மாறியிருக்கின்றன.

நான் திருப்பூரில் வீட்டில் இருந்தபடியே குழந்தைகளுக்கான பருத்தித் துணி விற்கிறேன். தொடங்கிய புதிதில் பட்டுக்கோட்டையிலிருந்து ஓர் அக்கா ஆர்டர் கொடுத்திருந்தார். லேபிளில் விலாசத்தை அடிக்கும்போது, எங்கள் ஊர் எண்ணே கைக்குப் பழகிவிட்டதால், 641601 என்று அடித்துவிட்டேன். மூன்றாம் நாள் எங்கள் பகுதித் தபால்காரர் அதே பார்சலைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். "இந்தத் தெரு திருப்பூர்லயே இல்லைங்களே அம்மிணி. அனுப்புனவங்க விலாசம் உங்களுதா இருந்துச்சு, அதான் இங்கயே கொண்டாந்துட்டேன்" என்றார். லேபிளில் பட்டுக்கோட்டை என்ற பெயர் தெளிவாகவே இருந்தது. அதை யாரும் படிக்கவில்லை. பின்கோடு சொன்ன ஊருக்கு அது வந்துவிட்டது.

பார்சல் வழி தவறுவது என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். புதிதாக விற்கத் தொடங்குபவர்கள் பலரும் இதைக் கூரியர்காரரின் அலட்சியம் என்றே நினைக்கிறார்கள். அலட்சியமும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நான் பார்த்தவரை பாதிக்கு மேல் நம் மேசையிலேயே, லேபிள் ஒட்டும் நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது. அதனால் முதலில் அந்த ஆறு எண்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசிவிடலாம்.

ஆறு எண்களுக்குள் என்ன இருக்கிறது

இந்தியாவில் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அப்போது தகவல் தொடர்பு அமைச்சகத்தில் அதிகாரியாக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலன்கர்தான் இதை வடிவமைத்தவர். அவர் சமஸ்கிருதக் கவிஞரும்கூட. ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகளில் எழுதப்படும் விலாசங்கள், ஒரே ஊருக்குப் பத்து விதமான எழுத்துக்கூட்டல் என்று தபால் பிரிப்பவர்கள் திணறிக்கொண்டிருந்த காலம் அது. மொழி தெரியாதவரும் எண்ணைப் பார்த்துப் பிரித்துவிடலாம் என்பதுதான் யோசனை. இன்று நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சல் நிலையங்கள் 19,000-க்கும் அதிகமான பின்கோடுகளுக்குள் அடங்குகின்றன.

முதல் எண் மண்டலத்தைக் குறிக்கும். 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு. 5 என்றால் ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம். 9 இராணுவ அஞ்சலுக்கு. முதல் இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் மாநிலம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். தமிழ்நாட்டுக்கு 60 முதல் 64 வரை, கேரளத்துக்கு 67 முதல் 69 வரை. முதல் மூன்று எண்கள், தபால் பிரிக்கப்படும் மாவட்டத்தைச் சொல்லும். கடைசி மூன்றும் விநியோகிக்கும் அஞ்சல் நிலையத்தைச் சொல்லும்.

பிரிக்கும் இடத்தில் வேலை செய்பவர் உங்கள் பார்சலை ஒரு நொடிகூடப் பார்ப்பதில்லை. எண்ணைப் பார்க்கிறார், அல்லது இயந்திரம் பார்கோடைப் படிக்கிறது, பார்சல் அதற்குரிய பைக்குள் விழுகிறது. பை நிறைந்ததும் வாய் கட்டி, எந்த ஊருக்கு என்று சீட்டு மாட்டி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அடுத்த ஊரில் அந்தப் பையைப் பிரிக்கும்வரை உள்ளே இருக்கும் பார்சலை யாரும் பார்க்கப் போவதில்லை. தவறான பையில் விழுந்த பார்சல் அந்தப் பை போகும் ஊருக்கே போய்ச் சேரும். அங்கே பிரிப்பவர் கவனித்து, இது நம் ஊருக்கு உரியதல்ல என்று மறுபடி சரியான பையில் போட்டால்தான் அது திரும்பி நடக்கத் தொடங்கும். ட்ராக்கிங்கில் நாம் பார்க்கும் அந்த இரண்டு மூன்று நாள் மௌனம் பெரும்பாலும் இந்தப் பைக்குள் அடைபட்ட நேரம்தான்.

எண் தவறினால் எவ்வளவு தூரம் போகும் என்பதும் எந்த இடத்து எண் என்பதைப் பொறுத்தது. கடைசி எண் மாறினால் பக்கத்து அஞ்சல் நிலையத்துக்குப் போகும். அங்கிருந்து பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். முதல் மூன்றில் தவறு நேர்ந்தால்தான் மாவட்டம் மாறும், சில நேரம் மாநிலமே மாறும்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது இடம் மாறும் எண்கள்தான். வேகமாகத் தட்டச்சு செய்யும்போது எல்லோர் கையும் செய்யும் தவறு இது. திண்டுக்கல் 624001, பொள்ளாச்சி 642001. தஞ்சாவூர் 613001, அரக்கோணம் 631001. திருச்சி 620001, திருவள்ளூர் 602001. ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு எண்களும் உண்மையான ஊர்கள். இல்லாத பின்கோடை அடித்தால் மென்பொருள் உடனே சிவப்புக் கோடு காட்டி நிறுத்திவிடும். இருக்கிற இன்னொரு ஊரின் எண்ணை அடித்தால் அது சந்தேகப்பட வழியே இல்லை.

இதையே பார்சலின் ட்ராக்கிங் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்பீட் போஸ்ட் எண்ணில் தொடக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது எண்கள், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் ஐ.என். இருக்கும். இது உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த முறை. அந்த ஒன்பது எண்களில் முதல் எட்டுதான் உண்மையான எண். ஒன்பதாவது, அந்த எட்டும் சரியா என்று பார்க்க வைத்திருக்கும் காவல் எண். அது வருவது இப்படி: எட்டு எண்களையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையை 11-ஆல் வகுத்தால் வரும் மீதியை 11-லிருந்து கழித்தால் காவல் எண் கிடைக்கும். விடை 10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் எடுத்துக்கொள்வார்கள். 47312482 என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 200. 11-ஆல் வகுத்தால் மீதி 2. அதனால் காவல் எண் 9. யாராவது முதலிரண்டு எண்களை மாற்றி 74312482 என்று அடித்தால் கூட்டுத்தொகை 206 ஆகும், காவல் எண் 3 என்று வரும். ஆனால் சீட்டில் இருப்பதோ 9. தவறு அந்த இடத்திலேயே பிடிபட்டுவிடும்.

பின்கோடில் இப்படி ஒரு காவல் எண் கிடையாது. பார்சலின் ட்ராக்கிங் எண்ணை அடிப்பதில் தவறினால் கணினி காப்பாற்றும், அது போக வேண்டிய ஊரை அடிப்பதில் தவறினால் காப்பாற்ற எதுவும் இல்லை. அந்த வேலையை நாம்தான் செய்யவேண்டும். நான் செய்வது இதுதான்: வாடிக்கையாளர் தந்த பின்கோடை அஞ்சல் துறை இணையதளத்தில் போட்டு எந்த அஞ்சல் நிலையம், எந்த மாவட்டம் என்று பார்ப்பேன். அதை வாட்ஸ்அப்பில் அவருக்கே திருப்பி அனுப்புவேன். "அக்கா, உங்க போஸ்ட் ஆபீஸ் பேராவூரணிதானே?" என்று கேட்டால் போதும். எண்ணை நினைவில் வைத்திருக்காதவர்கள்கூடத் தங்கள் அஞ்சல் நிலையத்தின் பெயரை மறப்பதில்லை.

எண்ணைத் தவிர வேறு என்னென்ன

ஒரே பெயர் கொண்ட நகர்கள் அடுத்த தொல்லை. கே.கே.நகர் சென்னையில் இருக்கிறது, திருச்சியில் இருக்கிறது, மதுரையில் இருக்கிறது. சென்னைக்கு 600078, திருச்சிக்கு 620021, மதுரைக்கு 625020. வாடிக்கையாளர் "கே.கே.நகர்" என்று மட்டும் எழுதி அனுப்பினால் அவருக்கு அது ஒரே நகர்தான், நமக்கு மூன்று. வட இந்தியாவுக்கு அனுப்புபவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். பிலாஸ்பூர் சத்தீஸ்கரிலும் உண்டு, இமாசலத்திலும் உண்டு. பிரதாப்கர் உத்தரப்பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் இருக்கிறது. மாநிலத்தின் பெயரையும் எழுதியே ஆகவேண்டும்.

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் தனி வகை. புதுச்சேரி நகரம் 605001. காரைக்கால் 609602, அதாவது மயிலாடுதுறைப் பக்கத்து எண். மாஹே கேரளத்துக்குள் இருப்பதால் 673310. ஏனாம் ஆந்திரத்துக்குள் இருப்பதால் 533464. நான்கும் காகிதத்தில் ஒரே நிர்வாகம், தபாலுக்கு நான்கு வெவ்வேறு திசை. மாநிலம் என்ற இடத்தில் புதுச்சேரி என்று பார்த்ததும் 605 என்று நாமாகவே திருத்திவிடக் கூடாது.

அப்புறம், பழைய அட்டைப்பெட்டி. இதைப் புதியவர்கள் யாரும் யோசிப்பதில்லை. வீட்டுக்கு வந்த நல்ல பெட்டியைத் திருப்பிப் பயன்படுத்துவது நல்ல பழக்கம், நானும் செய்கிறேன். ஆனால் பழைய லேபிள் ஒரு பக்கத்தில் ஒட்டியபடியே இருந்தால் ஹப்பில், அதாவது பார்சல்களைப் பிரிக்கும் பெரிய மையத்தில், இருக்கும் ஸ்கேனர் எந்தப் பார்கோடைப் படிக்கும் என்று சொல்ல முடியாது. பழையதைப் படித்துவிட்டால் முடிந்துபோன ஒரு பார்சலின் தகவலோடு நம் பெட்டி ஓரமாக ஒதுங்கிவிடும். லேபிளை முழுதாகக் கிழித்துவிடுங்கள். கிழிக்க வராவிட்டால் கறுப்பு மார்க்கரால் பார்கோடின் குறுக்கே அடித்துவிட்டு மேலே வெள்ளைத் தாள் ஒட்டுங்கள். புது லேபிளைப் பெட்டியின் விளிம்பில் மடித்து ஒட்டக்கூடாது. பார்கோடு வளைந்தால் ஸ்கேனருக்குப் படிக்காது, பிறகு யாரோ கையால் எண் அடிக்கவேண்டி வரும். கையால் அடிக்கும் இடமெல்லாம் தவறு நுழையும் இடம்.

லேபிள் மாறி ஒட்டுவது இன்னொன்று. தீபாவளி நேரத்தில் இருபது முப்பது ஆர்டரை ஒரே நாளில் கட்டும்போது இது நடக்கும். பார்சல் சரியான விலாசத்துக்கே போய்ச் சேரும், உள்ளே இருப்பது வேறொருவரின் சட்டை. ட்ராக்கிங்கில் எல்லாம் ஒழுங்காக இருப்பதால் கண்டுபிடிக்கத் தாமதமாகும். ஒரு லேபிளை அச்சிட்டு அதை ஒட்டிய பிறகே அடுத்ததை அச்சிடுவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வழி. எல்லாவற்றையும் மொத்தமாக அச்சிட்டு வைத்துக்கொண்டு ஒட்ட ஆரம்பித்தால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் மாறும்.

சுற்றிப் போவதெல்லாம் வழி தவறியதாகாது

ட்ராக்கிங் பார்க்கத் தொடங்கிய முதல் மாதத்தில் எல்லோரும் பயப்படுவார்கள். பக்கத்து மாவட்டத்துக்கு அனுப்பிய பார்சல் நூறு கிலோமீட்டர் எதிர்த்திசையில் நிற்கும். இது இயல்பு. சிறு ஊர்ப் பார்சல்கள் முதலில் பெரிய ஹப்புக்குப் போய், அங்கே பிரிக்கப்பட்டு, மறுபடி சிறு ஊருக்கு வரும். பஸ் பயணிகள் நேர் வண்டி இல்லாத ஊருக்குப் பெரிய நிலையத்தில் இறங்கி மாறிப் போவது மாதிரிதான்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. போக வேண்டிய மண்டலத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஊரில் பை திறக்கப்பட்டிருப்பது, ஒன்று. ஒருமுறை நாகப்பட்டினத்துக்கு நான் அனுப்பிய பார்சலை ஒரு கூரியர் நாக்பூரில் இறக்கியிருந்தது. என் லேபிளில் 611001 சரியாகவே இருந்தது, பெயரின் முதல் எழுத்துகள் ஒன்றாக இருப்பதால் அவர்கள் பக்கத்தில் எங்கோ மாறியிருக்கிறது. வந்து சேரப் பதினேழு நாள் ஆனது. இரண்டாவது அறிகுறி, மூன்று நாளுக்கு மேல் எந்த ஸ்கேனும் இல்லாமல் இருப்பது. மூன்றாவது, "மிஸ்ஸென்ட்" அல்லது "மிஸ்ரூட்டட்" என்ற வார்த்தையே தோன்றுவது. இதைப் பார்த்துப் பதறவேண்டாம். தவறை ஒருவர் கண்டுபிடித்து எழுதிவிட்டார், பார்சல் திரும்பும் வழியில் இருக்கிறது என்று பொருள். ஒன்றுமே காட்டாத பார்சலைவிட இது நல்ல நிலைமை.

வழி தவறிய பார்சலையும் தவறான கையில் கொடுக்கப்பட்ட பார்சலையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. "டெலிவர்ட்" என்று காட்டியும், பார்சல் வரவில்லை என்று வாடிக்கையாளர் சொன்னால் அது இரண்டாவது வகை. பக்கத்து வீட்டில் கேட்கச் சொல்லுங்கள். யார் கையெழுத்துப் போட்டார்கள், ஓடிபி யாருக்குப் போனது என்று கூரியரிடம் கேளுங்கள். முதல் வகைக்குத் தேவை பொறுமை. இரண்டாவது வகைக்கு வேகம், ஏனென்றால் நாள் ஆக ஆக விநியோகித்தவருக்கு நினைவு மங்கிவிடும்.

விற்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்

நான் பழகிய விற்பனையாளர்களில் அனுபவப்பட்டவர்கள் எல்லோரும் தினமும் காலையில் கொஞ்ச நேரம் ட்ராக்கிங்குக்கு ஒதுக்குகிறார்கள். போய்க்கொண்டிருக்கும் எல்லா எண்களையும் ஒரு தாளில் வைத்துக்கொண்டு, நகராததை மட்டும் வட்டமிடுகிறார்கள். வாடிக்கையாளர் கேட்பதற்கு முன் நமக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்பதுதான் நோக்கம்.

தெரிந்ததும் அன்றைக்கே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடவேண்டும். இதில் எனக்கு மிக உறுதியான கருத்து உண்டு. "உங்க பார்சல் தப்பா நாக்பூர் போயிருச்சு அக்கா, புகார் பதிஞ்சிருக்கேன், புகார் நம்பர் இது, வெள்ளிக்கிழமைக்குள்ள நகரலைன்னா வேற அனுப்பிடறேன்" என்று நாமாகச் சொன்னால் பெரும்பாலானவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். அவர்களாகக் கேட்டு, நாம் பார்த்துச் சொல்கிறோம் என்று இழுத்தால் ஏமாற்றுகிறோமோ என்ற சந்தேகம் வந்துவிடும். அந்தச் சந்தேகம் வந்தபின் பார்சல் போய்ச் சேர்ந்தாலும் அவர்கள் அடுத்த முறை வருவதில்லை. செய்தியில் ஒரு தேதி இருக்கவேண்டும். அந்தத் தேதியைக் காப்பாற்றவும் வேண்டும்.

புகார் பதியும்போது ட்ராக்கிங் எண், அனுப்பிய தேதி, இரண்டு விலாசங்கள், உள்ளே என்ன பொருள், பெட்டியின் எடை ஆகியவை கையில் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். அதற்காகத்தான் ஒவ்வொரு பார்சலையும் லேபிள் தெரிய ஒரு படமும், எடைத் தராசின் மேல் வைத்து ஒரு படமும் எடுத்து வைக்கிறோம். பார்சலுக்கு உள்ளேயும் ஒரு துண்டுச்சீட்டில் இரண்டு விலாசமும் போன் நம்பரும் எழுதி வையுங்கள். மழையில் லேபிள் உரிந்துபோனால் பெட்டியைத் திறந்து பார்ப்பவருக்கு அந்தச் சீட்டுதான் வழி. அனுப்பியவரும் தெரியாத, பெறுபவரும் தெரியாத தபால்களுக்கென்றே அஞ்சல் துறையில் தனி அலுவலகம் உண்டு. அங்கே போய்விட்டால் மீட்பது மிகக் கடினம்.

இழப்பீட்டை நம்பிக் கணக்குப் போடவேண்டாம். ஸ்பீட் போஸ்ட் பார்சல் தொலைந்தால், செலுத்திய கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது என்பதே நெடுநாளாக இருந்துவரும் விதி. 60 ரூபாய் கட்டணத்தில் அனுப்பிய 800 ரூபாய்த் துணிக்கு 120 ரூபாய்தான் வரும். விலை கூடிய பொருளுக்குத் தனியாக இன்சூரன்ஸ் போடுவது இதனால்தான்.

ஆக, நட்டத்தை நாமே தாங்கவேண்டியிருக்கும். ஓர் உதாரணக் கணக்கு. ஒரு ஆர்டரில் உங்களுக்கு லாபம் 80 ரூபாய், பொருளின் அடக்கவிலை 340, அனுப்பும் செலவு 60 என்று வைத்துக்கொள்வோம். ஒன்று தொலைந்து மறுபடி அனுப்பினால் 400 ரூபாய் போகும். ஐந்து ஆர்டரின் லாபம் அதற்கே சரியாகிவிடும். அதனால் பலர் ஒவ்வொரு ஆர்டரிலும் ஐந்தோ பத்தோ ரூபாயைத் தனியாக எடுத்துவைக்கிறார்கள். இந்தப் பணம் இருப்பதால்தான் வாடிக்கையாளரிடம் நிதானமாகப் பேச முடிகிறது. கையில் ஒன்றுமில்லாதபோது நாமும் எரிச்சலாகிவிடுகிறோம், அதை நான் அனுபவித்திருக்கிறேன்.

மாற்று அனுப்புவதா, காத்திருப்பதா, பணத்தைத் திருப்புவதா என்பதைப் பொருளும் தேதியும் தீர்மானிக்கும். பிறந்தநாள் சட்டை என்றால் காத்திருப்பதில் அர்த்தமில்லை, அன்றே வேறொரு கூரியரில் இன்னொன்று அனுப்பிவிடுவேன். அதிரசம், முறுக்கு விற்பவர்களுக்கு வழி தவறிய பார்சல் பெரும்பாலும் தொலைந்த பார்சல்தான். சாதாரண உடுப்பு என்றால் பத்து நாள்வரை காத்திருக்கச் சொல்லிக் கேட்கலாம். சட்டமும் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, சொன்ன கெடுவைத் தாண்டிப் பொருள் வந்தால் அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பவோ விற்பவர் மறுக்கக்கூடாது. மனித சக்திக்கு மீறிய காரணம் இருந்தால் மட்டும் விலக்கு. அதனால் "மூன்றே நாளில் வரும்" என்று வாக்குக் கொடுப்பதற்கு முன் யோசியுங்கள். "ஐந்திலிருந்து எட்டு நாள்" என்று சொல்லி ஐந்தில் கொடுப்பது இருவருக்கும் நல்லது.

சிஓடி, அதாவது பொருள் கைக்கு வந்ததும் பணம் கொடுக்கும் ஆர்டர்களில் வலி இன்னும் கூடுதல். பார்சல் சுற்றிச் சுற்றித் தாமதமாகப் போய்ச் சேரும்போது வாடிக்கையாளர் கடையில் வாங்கியிருப்பார், வேண்டாம் என்று திருப்பிவிடுவார். அது ஆர்டிஓ, அதாவது அனுப்பியவருக்கே திரும்பும் பார்சல் ஆகி நம்மிடமே வரும். பல கூரியர்களில் போன செலவோடு வந்த செலவும் நம் தலையில்தான். புதியவர்கள் முதல் சில மாதமாவது சிஓடி இல்லாமல் நடத்திப் பார்ப்பது நல்லது என்பேன்.

விலாசக் குழப்பத்துக்குப் புது வழி ஒன்றும் வந்திருக்கிறது. 2025 மே மாதம் அஞ்சல் துறை டிஜிபின் என்ற பத்து எழுத்துக் குறியீட்டை வெளியிட்டது. ஐ.ஐ.டி. ஹைதராபாத்தும் இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையமும் சேர்ந்து உருவாக்க உதவியவை. நாடு முழுவதையும் ஏறக்குறைய நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு தருகிறது. தெருப் பெயரும் கதவு எண்ணும் இல்லாத கிராமத்து வீடுகளுக்கு இது பெரிய உதவியாக இருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் பின்கோடின் இடத்தை அது எடுத்துக்கொள்ளவில்லை, பைகளைப் பிரிக்க இன்னும் ஆறு எண்தான்.

கடைசியாக, வழி தவறித் திரும்பி வந்த பார்சல். சில நேரம் ஒரு மாதம் கழித்து வாசலில் வந்து நிற்கும், மூலைகள் நசுங்கி, மேலே நான்கைந்து ஸ்டிக்கர் ஒட்டப்பட்டு. அந்த ஸ்டிக்கர்களை முதலில் படம் எடுங்கள், எந்தெந்த ஊருக்குப் போனது என்று அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம், புகாருக்கும் உதவும். பிறகு பெட்டியைத் திறந்து துணி ஈரமாகியிருக்கிறதா என்று பாருங்கள். நன்றாக இருந்தால் வேறு ஆர்டருக்கு அனுப்பலாம். ஆனால் அதே பெட்டியில் வேண்டாம். வேறு பெட்டி கிடைக்காமல் அதே பெட்டிதான் என்றால், அந்தப் பழைய ஸ்டிக்கர்கள் எல்லாவற்றையும் உரித்துவிட்டுப் புது லேபிளை ஒட்டுங்கள்.